இரண்டாவது கொலைக்கு யார் பொறுப்பு?

தொடர்ந்து பல உயிர்களைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான் என்ற செய்தி வெளிவந்ததும் நாட்டில் எழும் முதற்குரல், "இவனும் ஒரு மனிதனா?" என்பதே. பத்திரிகைகள் அவனுக்கு 'மனித மிருகம்' என்றும் 'கொடிய அரக்கன்' என்றும் பட்டங்கள் சூட்டுகின்றன. அப்பட்டங்களைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் ஒருவித நிம்மதி பிறப்பதை மறுப்பதற்கில்லை. அவன் மிருகம், நாம் மனிதர். இடையில் ஒரு மதில் எழுந்துவிட்டது. மதிலுக்கு இப்பால் அமர்ந்து அவனுடைய கதையைப் படிப்பது நமக்கு எளிதாகிவிடுகிறது.

ஆனால், மிருகம் பசிக்காகக் கொல்கிறது. பசி தீர்ந்ததும் படுத்துவிடுகிறது. கொன்றதை மறைக்கத் தரையைத் தோண்டி, மண்ணிட்டு மூடி, அதன்மேல் சிமெண்டு பூசி, மறுநாள் அதே வீட்டில் அமர்ந்து உணவுண்ணும் மிருகம் எதனையும் இறைவன் படைக்கவில்லை. அதனைச் செய்பவன் மனிதனே. ஆகவே, "இவனும் மனிதனா?" என்ற வினாவால் பயன் ஏதும் இல்லை. நாம் கேட்க வேண்டிய வினா வேறொன்று இருக்கிறது.

முதற்கொலையைச் செய்தவனுக்கு இரண்டாவது கொலையைச் செய்வது எப்படிச் சாத்தியமாயிற்று?

முதற்கொலைக்கும் இரண்டாவது கொலைக்கும் இடையில் சில நாட்களோ, சில மாதங்களோ கழிகின்றன. அந்த இடைவெளியில் ஓர் ஆணோ பெண்ணோ இவ்வுலகில் இல்லை. அவர் நடந்த தெருவில் அவர் நடக்கவில்லை. அவர் வாங்கிய கடையில் அவர் வாங்கவில்லை. "அவரைக் காணோமே" என்று கேட்டவர் யார்? கேட்டவருக்கு விடை சொன்னவர் யார்? அந்த இடைவெளியில் நம்முடைய பொறுப்பு ஏதேனும் உண்டா? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதுவே.

திருவான்மியூர் தந்த பாடம்

தமிழகம் மறக்க முடியாத வழக்கு ஒன்று உண்டு. வேலூர்ப் பகுதியிலிருந்து சென்னைக்குப் பிழைக்க வந்த கௌரி சங்கர் என்பவன் முதலில் வர்ணம் பூசும் தொழில் செய்தான். பின்னர் ஆட்டோ ஓட்டினான். அந்த ஆட்டோவிலேயே கள்ளச் சாராயம் கடத்தினான். அதிலே கண்ட இலாபத்தைக் கொண்டு விபசாரத் தொழில் நடத்தினான். திருவான்மியூர்ப் பெரியார் நகரில் அவனுக்கு வீடுகள் உண்டாயின, பணம் உண்டாயிற்று, பணம் உள்ள இடத்தில் சேரும் நட்புகளும் உண்டாயின. 'ஆட்டோ சங்கர்' என்று ஊரார் அவனை அழைத்தனர். அப்பெயரால், நாள் முழுதும் வெயிலில் வண்டியோட்டி நேர்மையாகப் பிழைத்த ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் தேவையற்ற பழியைச் சுமக்க நேர்ந்தது வேறு கதை.

1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அவனும் அவனுடைய கூட்டாளிகளும் ஆறு பேரைக் கொன்றனர் என்பது நீதிமன்றம் கண்ட முடிவு. முதலில் மாண்டவள், அவனோடு வாழ்ந்து வந்த, நடனமாடிப் பிழைத்த ஒரு பெண். உடல்களில் சில குடியிருந்த வீடுகளிலேயே புதைக்கப்பட்டன. எரிக்கப்பட்டுக் கடலில் எச்சம் வீசப்பட்டதும் உண்டு. கடைசியாக, 1988 மே மாதத்தில், மூன்று இளைஞர்கள் ஒருசேரக் கொல்லப்பட்டனர். அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. தேடுவதற்கு ஆட்கள் இருந்தனர். அவர்களைக் காணவில்லை என்று உறவினர் எழுப்பிய குரலே அனைத்தையும் வெளிக்கொணர்ந்த வழக்கின் தொடக்கமாயிற்று. தரை தோண்டப்பட்டது. கூட்டாளிகளுள் ஒருவன் அப்ரூவராக மாறினான்.

1990 ஆகஸ்டில் சங்கர் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பினான். ஒரிசாவின் ரூர்கேலாவில் மீண்டும் பிடிபட்டான். அவன் தப்புவதற்குச் சிறைக் காவலர்களே துணைபுரிந்தனர். 1991 மே 31-ஆம் நாள் செங்கற்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 1994-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தன. 1995 ஏப்ரல் 27-ஆம் நாள் சேலம் மத்திய சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

இக்கதையைச் சொல்வோர் அவனுடைய துணிச்சலையும் தந்திரத்தையும் வியந்து சொல்வார்கள். அவற்றில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. அவனுடைய பலம் வேறிடத்தில் இருந்தது. நடனமாடும் பெண் ஒருத்தி காணாமற்போனால், "வேறு எங்கேயாவது போயிருப்பாள்" என்று ஊர் சொல்லிவிடும். விபசார விடுதியோடு தொடர்புடைய ஆண் ஒருவன் காணாமற்போனால், "தொலைந்தான்" என்று சொல்லிவிடும். யாரைக் கொன்றால் எவரும் கேட்கமாட்டார்கள் என்ற கணக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை அவன் தானாக உண்டாக்கவில்லை. நம்முடைய சமுதாயம் நெடுநாட்களாக எழுதி வைத்திருந்த கணக்கைத்தான் அவன் எடுத்துப் படித்தான். தேடுவார் உள்ள மூவர்மீது கை வைத்தபோதுதான் கணக்குப் பிழையாயிற்று.

புதுமனைகள் பெருகும் ஊர்கள்

இது சென்னையில் நடந்த செய்திதானே என்று மதுரையில் வாழ்பவர்கள் இருந்துவிடலாகாது. அந்நாளையத் திருவான்மியூர் எத்தகைய இடம்? மீனவர் குப்பங்களும் பழைய கிராமமும் இருந்த இடத்தில் நகரம் வந்து மோதிக்கொண்டிருந்த விளிம்பு. எங்கிருந்தோ வந்தவர்கள் மனை வாங்கினார்கள், வீடு கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். அத்தகைய இடத்தில் நள்ளிரவில் கடப்பாறைச் சத்தம் கேட்டாலும், "யாரோ வீட்டு வேலை செய்கிறார்கள்" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்கள்.

எங்கள் வண்டியூரும் இன்று அப்படித்தான் இருக்கிறது. கண்மாயும் வயலுமாக இருந்த கிராமம் மாநகரோடு ஒன்றிவிட்டது. திருமலை நாயக்கர் வெட்டுவித்த தெப்பக்குளத்தின் கரையில் மாலையில் அமர்ந்திருப்பவர்களுள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? முன்பு, ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்புப் புகை எழவில்லையென்றால் அடுத்த வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டுவார். இன்று எரிவாயு அடுப்பில் புகையும் இல்லை; தட்டுவதற்குத் துணிவும் இல்லை. பிறர் காரியத்தில் தலையிடாமை ஒரு நாகரிகமாகவே மதிக்கப்படுகிறது.

ஈண்டு ஒரு கேள்வி எழும். "அப்படியானால் ஒவ்வொருவரும் அண்டை வீட்டாரை உளவு பார்க்க வேண்டுமா?" எனச் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வியே. துருவித் துருவி ஆராய்வதையும் ஆதாரமற்ற சந்தேகத்தையும் இஸ்லாம் தெளிவாகத் தடுத்திருக்கிறது. வாடகைக்கு வீடு தேடிச் செல்லும்போது பெயரைக் கேட்டதும் முகம் மாறுகிற வீட்டுக்காரர்களைச் சந்தித்த அனுபவம் நம் குடும்பங்களில் பலருக்கும் உண்டு. சந்தேகத்தின் சூடு நமக்குப் புதிதன்று. அதே சூட்டைப் பிறர்மீது வைக்கும்படி நாம் சொல்லப் போவதில்லை.

வந்தவரைத் துருவுவது வேறு. வராதவரைத் தேடுவது வேறு. "இவன் யார், எந்தச் சாதி, எந்த மதம், எதற்காக வந்தான்?" என்று கேட்பது சந்தேகம். "நேற்று வரை இங்கே இருந்தவர் எங்கே?" என்று கேட்பது அன்பு. முன்னதைச் செய்வதில் நம் ஊர்கள் சலிப்பதே இல்லை. பின்னதில்தான் வாய் அடைத்துப் போகின்றன. திருவான்மியூரில் குறைந்து போனது சந்தேகம் அன்று.

பித்தனும் மருத்துவனும்

இனி, வேறு இரண்டு வழக்குகளைப் பார்ப்போம். ஒன்று பம்பாயில் நடந்தது, மற்றொன்று இங்கிலாந்தில்.

ராமன் ராகவ் என்பவன் 1960-களில் பம்பாயை நடுங்கச் செய்தவன். 1965, 1966 ஆண்டுகளில் நடைபாதையிலும் குடிசைகளிலும் உறங்கிக் கிடந்த ஏழைகள் இரவில் தலையில் தாக்கப்பட்டனர், பலர் இறந்தனர். அப்பொழுதே அப்பகுதியில் திரிந்த அவனைக் காவலர் பிடித்தனர். போதிய ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டனர். 1968-இல் அதே முறைக் கொலைகள் நகரின் வடபகுதியில் மீண்டும் தொடங்கின. குற்றப் பிரிவின் தலைவராக இருந்த ரமாகாந்த் குல்கர்னி தேடுதலை மேற்கொண்டார். 1968 ஆகஸ்ட் 27 அன்று அலெக்ஸ் ஃபியால்ஹோ என்ற சப்-இன்ஸ்பெக்டர் தெருவில் அவனை அடையாளம் கண்டு பிடித்தார். நாற்பத்தொரு கொலைகளைச் செய்ததாக அவன் ஒப்புக்கொண்டான். மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால், உயர் நீதிமன்றம் அமைத்த மனநல மருத்துவர் குழு அவனைப் பலமுறை சந்தித்து, அவன் தீராத மனநோயாளி என்று கண்டது. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1995-இல் புனேயில் அவன் நோயுற்று இறந்தான். சங்கர் தூக்கிலிடப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

பலருக்கு இது நீதியாகத் தோன்றாது. ஆயினும் நம் சட்ட நூலார் இதனை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து முடித்திருக்கின்றனர். உறங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, பித்துற்றவர் தெளியும் வரை அவர்களின் வினைகள் ஏட்டில் பதியப்படுவதில்லை என்பது நாம் மதரஸாவில் பயின்ற பாடம். அறிவு இல்லாத இடத்தில் பொறுப்பும் இல்லை. நீதி என்பது பழிவாங்கும் வெறியினின்றும் வேறானது என்பதற்கு இவ்விதி ஒன்றே போதும்.

ஆனால், பித்தன்மீது பொறுப்பு இல்லையென்றால் அப்பொறுப்பு காற்றில் கரைந்து போய்விடுமா? நோயுற்ற ஒருவன் ஆண்டுக்கணக்கில் தெருவில் திரிந்தான்; அவனுடைய நோயை யாரும் விசாரிக்கவில்லை. கூரையின்றி மக்கள் தெருவில் படுத்திருந்தனர்; அவர்களுடைய உறக்கத்தை யாரும் காக்கவில்லை. கொன்றவனின் பெயர் இன்றும் நினைவில் இருக்கிறது, திரைப்படமாகவும் வந்துவிட்டது. மாண்டவர்களுள் ஒருவரின் பெயரையேனும் நம்மால் சொல்ல முடியுமா?

கேட்பாரற்ற ஏழைகளுக்குத்தான் இந்நிலை என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரை அடுத்த ஹைடு என்னும் ஊரில் ஹரால்டு ஷிப்மன் என்ற மருத்துவர் இருந்தார். அன்பானவர், வீடு தேடி வந்து வைத்தியம் செய்பவர் என்று முதியோர் அவரைப் போற்றினர். அவரோ ஊசி வழியே மருந்தைச் செலுத்தித் தம் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கொன்றுவந்தார். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் பதினைந்து கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அமைக்கப்பட்ட பொது விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று 2002-இல் கண்டறிந்தது. 2004-இல் சிறையிலேயே அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அவ்வழக்கில் நம் உள்ளத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. உடலை எரியூட்டுவதற்கு முன் இன்னொரு மருத்துவரும் கையெழுத்திட வேண்டும் என்பது அந்நாளில் அந்நாட்டுச் சட்டமாக இருந்தது. அண்டையிலிருந்த மருத்துவர்கள் கேள்வி கேட்காமலேயே கையெழுத்திட்டு வந்தனர். சக மருத்துவரைக் கேள்வி கேட்பது பண்பன்று என்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். 1998 மார்ச்சில் ஒரு மருத்துவருக்கு ஐயம் எழுந்தது. "இவருடைய நோயாளிகள் ஏன் இவ்வளவு பேர் இறக்கின்றனர்?" என்று அவர் கேட்டார். காவலர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று ஏப்ரலில் கோப்பை மூடினர். மூடிய கோப்புக்கும் செப்டம்பரில் நடந்த கைதுக்கும் இடையே மேலும் மூன்று பெண்மணிகள் கொல்லப்பட்டனர். இறுதியில், தன் தாயின் உயிலில் ஏதோ தவறு இருக்கிறது என்று விடாமல் கேட்ட ஒரு மகளே உண்மையை வெளிக்கொணர்ந்தாள்.

சாராயம் கடத்தியவன், மனநோயாளி, பட்டம் பெற்ற மருத்துவர். மூவரும் மூன்று வகையினர். மூவருக்கும் பொதுவாகக் கிடைத்த புகலிடம் ஒன்றே: கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

குற்றம் பங்கு போட்டால் குறையுமா?

நிற்க. "சமுதாயமும் பொறுப்பு என்று சொல்லத் தொடங்கினால் கொலைகாரனுடைய பாரம் குறைந்துவிடாதா?" என்று ஓர் ஐயம் எழுவது இயல்பே. எல்லாரும் குற்றவாளிகள் என்றால் எவரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடும் அல்லவா?

இவ்வையத்திற்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு ஒன்று வழிகாட்டுகிறது. யமன் நாட்டு ஸன்ஆ நகரில் பலர் ஒன்று சேர்ந்து ஒருவரைக் கொன்றுவிட்டனர். ஓர் உயிருக்காகப் பலரைத் தண்டிப்பது முறையா என்ற வினா எழுந்தது. ஸன்ஆ நகரத்தார் அனைவரும் அக்கொலையில் கூட்டுச் சேர்ந்திருந்தாலும் அனைவரையும் தண்டித்திருப்பேன் என்ற கருத்துப்பட அவர்கள் தீர்ப்பளித்தார்கள். கொலையில் நேரே பங்கு கொண்டவர்களைப் பற்றியதே அத்தீர்ப்பு. வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றியதன்று. ஆயினும் அதிலிருந்து நாம் அறிந்துகொள்ளும் உண்மை ஒன்று உண்டு. குற்றம் என்பது சொத்தைப்போல் பாகம் பிரிப்பதற்குரியதன்று. நான்கு பேர் கூடினால் கால் கால் பங்காக அது சுருங்கிவிடுவதில்லை. ஒவ்வொருவர் தலையிலும் அவரவர்க்குரியது முழுமையாகவே நிற்கிறது.

ஆகவே, கொன்றவனின் பாரம் கொன்றவன்மீதே முழுமையாக இருக்கிறது. அதிலிருந்து ஓர் அணுவும் குறையாது. நம்முடைய பாரம் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கும் நம் மார்க்க அறிஞர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: பர்ளு கிபாயா. ஊரில் ஒரு மையித்து இருந்தால் அதற்கு ஜனாஸாத் தொழுகை நடத்துவது ஊரார்மீது கடமை. சிலர் நிறைவேற்றிவிட்டால் எல்லார்மீதும் உள்ள கடமை நீங்கும்; ஒருவரும் நிறைவேற்றாவிட்டால் அறிந்திருந்தோர் அனைவரும் பாவிகளாவர். இறந்தவருக்காகத் தொழுவது இத்தகைய கடமையென்றால், காணாமற்போனவரைத் தேடுவதை எந்த வகையில் சேர்ப்பது? யாராவது ஒருவர் கேட்டால் போதும்; ஆனால் அந்த ஒருவர் இல்லாமற்போனால் ஊரே பதில் சொல்ல வேண்டும். முதற்கொலை கொன்றவனுடையது. இரண்டாவது கொலையும் அவனுடையதே. எனினும் அதற்கு முன்னே கேட்கப்படாமல் நின்ற கேள்வி நம்முடையது.

பிடித்த பின்னும் ஒரு கடமை

கேட்பது என்பது கொலைகாரனைப் பிடிப்பதோடு முடிந்துவிடுவதுமில்லை. பிடிபட்டவன் உண்மையிலேயே அவன்தானா என்று கேட்பதும் அதே கடமையின் மறுபாதி.

டில்லியை அடுத்த நொய்டாவில் நிதாரி என்னும் சிற்றூரிலிருந்து ஏழைக் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமற் போயினர். பெற்றோர் காவல் நிலையத்துக்கு அலைந்தனர். அவர்களுடைய சொல் மதிக்கப்படவில்லை. 2006 டிசம்பர் இறுதியில் ஒரு பங்களாவின் பின்னாலிருந்த சாக்கடையில் எலும்புகள் கிடைத்தன. நாடு கொதித்தது. பங்களா உரிமையாளரும் வேலைக்காரரான சுரேந்தர் கோலியும் கைது செய்யப்பட்டனர். ஒப்புதல் வாக்குமூலத்தின் மீது மரண தண்டனைகள் எழுந்தன. 2014-இல் கோலி தூக்குமேடையின் வாயில் வரை சென்று திரும்பினார். ஆனால் 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம், புலன் விசாரணை முறையாக நடைபெறவில்லை என்று கண்டித்து, இருவரையும் விடுவித்தது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எஞ்சிய வழக்கிலும் கோலியை விடுதலை செய்தது. அக்குழந்தைகளைக் கொன்றது யார் என்ற வினாவுக்குச் சட்டத்தின் ஏட்டில் இன்று விடை இல்லை. முதலில் கேட்கவில்லை, பின்னர்க் கேட்டபோதும் சரியாகக் கேட்கவில்லை. இரண்டு முறையும் இழந்தவர்கள் அந்த ஏழைப் பெற்றோரே.

மதுரைக்கு இப்பாடம் பழையது. கோவலனைத் தீர விசாரியாமல் கொல்வித்த பாண்டியனின் கதையைச் சுமந்து நிற்கும் ஊர் இது. அரண்மனை வாயிலில் ஒரு பெண் வந்து நின்று கேட்ட கேள்விக்கு அரியணையால் விடை சொல்ல முடியவில்லை. "தீர விசாரிப்பதே மெய்" என்று பாமரரும் பழமொழி சொல்கிற நாட்டில், விசாரியாமல் விடுவதும், விசாரியாமல் தண்டிப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

சங்கரின் வழக்கிலும் இவ்வகைக் குறை ஒன்று எஞ்சி நின்றது. சிறையில் அவன் தன் வரலாற்றை எழுதினான். அதிகாரிகள் பலருக்குத் தன் குற்றங்களோடு தொடர்பு உண்டு என்பது அவனுடைய கூற்று. 'நக்கீரன்' இதழ் அதனை வெளியிட முனைந்தது. சிறைத்துறை அதிகாரிகள் தடுக்க முனைந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. வெளிவருவதற்கு முன்பே தடை செய்ய அரசுக்கு அதிகாரம் இல்லை என்று 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்பாயிற்று. பொய்யென்றால் வெளிவந்த பின் வழக்குத் தொடரலாம் என்றும் நீதிபதிகள் கூறினர். பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் அது ஒரு மைல்கல். ஆனால், எழுதலாம் என்பது வேறு. எழுதியது உண்மையா என்பது வேறு. கொலைகாரனின் சொல்லை மட்டும் நம்பி எவரையும் குற்றவாளி என்பது முறையன்று. அவன் கொலைகாரன் என்பதற்காகவே கேளாமல் தள்ளுவதும் முறையன்று. மக்களோ அதனைப் பரபரப்பான கதையாகப் படித்து முடித்தனர். தூக்குக் கயிறு இறுகியதும் எல்லாம் முடிந்தது என்று நாடு ஆறுதல் கொண்டது.

ஒரே சொல், மூன்று பொருள்

தமிழில் 'விசாரித்தல்' என்பது ஓர் அருமையான சொல். வெளியூரிலிருந்து வருபவரிடம், "வீட்டில் எல்லாரும் நலமா?" என்று கேட்பதும் விசாரிப்பு, படுக்கையில் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பதும் நோய் விசாரிப்பு. காவலரும் நீதிபதியும் குற்றத்தை ஆராய்வதும் விசாரணை. நாளை மறுமையில் நாம் ஒவ்வொருவரும் நிற்கப்போவதும் விசாரணையே. அதனையே நம் வீட்டுப் பெரியவர்கள் 'கேள்வி கணக்கு' என்று அஞ்சி அஞ்சிச் சொன்னார்கள். முதல் விசாரிப்பு குறைகிற ஊரில் இரண்டாவது விசாரணை பெருகும். இரண்டும் பொய்க்கிற நாட்டுக்கு மூன்றாவது காத்திருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மதீனாவில் பள்ளிவாசலைப் பெருக்கித் தூய்மை செய்துவந்த பெண்மணி ஒருவர் இருந்தார். கறுத்த நிறத்தவர், எளியவர். சில நாட்களாக அவரைக் காணாததால் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று தோழர்கள் கூறினர். பெரிய செய்தியாக அவர்களுக்கு அது தோன்றவில்லை. ஆகவே முன்பே தெரிவிக்கவில்லை. எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கேட்டார்கள். கபுரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று அவருக்காகத் தொழுதார்கள்.

அந்தப் பெண்மணி கொல்லப்படவில்லை, இயற்கையாகவே இறந்தார். அவரைக் காணாதது ஒரு குற்ற வழக்கும் அன்று. ஆனால் ஒரு தலைவர், ஆட்சியும் போரும் தூதும் நிறைந்த நாட்களின் நடுவே, துடைப்பம் பிடித்த கை ஒன்று காணாமற்போனதைக் கவனித்தார்கள். அத்தகைய கவனிப்பு உள்ள ஊரில் ஒருவன் முதற்கொலையைச் செய்துவிடக்கூடும். மனித உள்ளத்தின் இருளை முற்றிலும் தடுக்க எந்த ஊராலும் இயலாது. இரண்டாவது கொலையைச் செய்வது அவனுக்கு மிகவும் கடினமாகிவிடும்.

நம் மஹல்லாவில் ஆண்டுச் சந்தா தராதவர்களின் பட்டியல் இருக்கிறது. மாதக் கணக்கில் பள்ளிக்கு வராத முதியவர்களின் பட்டியல் இருக்கிறதா? பாத்திரம் துலக்க வந்த பெண் ஒரு வாரமாக வரவில்லையென்றால் அடுத்த ஆளைத் தேடுகிறோம். அவள் வீட்டுக்கு ஒரு பிள்ளையை அனுப்பி என்னவாயிற்று என்று கேட்டோமா? தெருமுனையில் இரவு படுத்திருந்த பித்தர் நான்கு நாளாகக் காணோம். நிம்மதி என்று எண்ணினோமா, எங்கே என்று எண்ணினோமா? காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகும் ஏழைத் தாயோடு துணைக்குச் செல்ல ஜமாஅத்திலிருந்து இருவர் எழுந்தார்களா?

இவற்றுக்குச் சட்டம் வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை. மக்ரிப் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில் ஒரு கதவைத் தட்டினாற்போதும்.